நீராவி உலகில் விடுபட்டவர்கள்

ஸ்டீம்பங்க் என்ற பெயரை 1987இல் வழங்கியவர் எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர். நீராவி யுகத்து இயந்திரங்கள் நாம் அறிந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கும் புனைவு இது. பதின்வயதினரை இதற்குள் அழைத்துவந்த நூல்களில் ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘லெவியதன்’ (2009), ‘பெஹிமத்’ (2010), ‘கோலையத்’ (2011) மூன்றுக்கும் தனியிடம் உண்டு. இவ்வகையின் வலுவும் குறையும் ஒருசேரத் தெரிவதும் இவற்றில்தான்.

கதைக் காலம் 1914. சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியின் அரியணை வாரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொல்லப்பட, அவர் மகன் அலெக் நடக்கும் போர் இயந்திரத்தில் ஏறித் தப்புகிறான். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இயந்திரங்களை நம்ப, பிரிட்டனோ டார்வினின் அறிவியலைக் கொண்டு விலங்குகளையே ஆயுதங்களாக வளர்க்கிறது. திமிங்கலத்தின் உயிர்க்கூறுகளால் ஆன லெவியதன் என்ற ஆகாயக் கப்பலில் டெரின் என்ற பெண் ஆண் வேடத்தில் பணியாற்றுகிறாள்.

உண்மையில் ஃபெர்டினாண்டுக்கு மூன்று பிள்ளைகள். தாய் அரச குலத்தவர் அல்லர் என்பதால் அவர்களுக்கு அரியணை உரிமை இல்லை. வெஸ்டர்ஃபெல்ட் மூவருக்குப் பதில் ஒரே மகனைப் படைத்து, அந்த உரிமைச் சிக்கலைக் கதையின் அச்சாக்குகிறார். கொலை, கூட்டணி, போர் என்று பாடநூல் வரிசைப்படுத்தும்போது எல்லாம் விதிப்படி நடந்ததாகத் தோன்றும். அந்த வரிசையின் ஒவ்வொரு கண்ணியிலும் மனிதர் எடுத்த முடிவு ஒன்று இருந்தது என்பதை இந்நாவல் பதினான்கு வயது வாசகருக்கும் உணர்த்திவிடுகிறது. இவ்வகையின் மிகப் பெரிய கொடை இதுவே. நூலின் இறுதியில் எது வரலாறு, எது கற்பனை என்று ஆசிரியரே பிரித்துச் சொல்வது இளம் வாசகர்மீது அவர் வைத்திருக்கும் மரியாதை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியப் படையினர் கடல் கடந்தனர். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. பேரரசுகளின் போர் என்பதால்தான் அது இவ்வளவு தூரம் பரவியது. லெவியதன் கப்பலோ இஸ்தான்புல், சைபீரியா, ஜப்பான், அமெரிக்கா என்று பாதி உலகைச் சுற்றியும், பேரரசுக்காக உழைத்து மடிந்த காலனி மக்கள் கதையின் நடுவே வருவதில்லை. இயந்திரத்தின் அழகை ரசிக்கச் சொல்லும் புனைவு, அது யார் உழைப்பில் ஓடியது என்று கேட்க மறந்தால், மாற்று வரலாறும் பழைய வென்றவர்களின் வரலாறாகவே மிஞ்சும்.

இது இவ்வகையின் தலையெழுத்து அன்று. நிசி ஷால் எழுதிய ‘எவர்ஃபேர்’ (2016) பெரியவர்களுக்கான நாவல். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொடுங்கோலில் நசுங்கிய காங்கோவில் நடப்பது. ரப்பருக்காகக் கை வெட்டப்பட்டவர்களுக்கு அங்கே பொறிக் கைகள் பொருத்தப்படுகின்றன. அதில் தொழில்நுட்பம் அலங்காரமாக நிற்காமல், இழைக்கப்பட்ட அநீதிக்கு நேராக நின்று பேசுகிறது. அந்தத் துணிவு இளையோர் நூல்களுக்கும் வேண்டும்.

வெஸ்டர்ஃபெல்டின் நூல்களைப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். கொடுக்கும் ஆசிரியரும் பெற்றோரும் அவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்த உலகில் எது மாற்றப்பட்டது? யார் விடுபட்டார்கள்? முதல் கேள்விக்கு நூலிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் தேடும் பிள்ளை வரலாற்றைத் தானே படிக்கத் தொடங்கிவிடும்.