அணைத்து வைத்த பர்னர்கள்

மூன்று பர்னர் கொண்ட கேஸ் கிரில்லில் ஒன்றை மட்டும் ஏற்றி, மற்ற இரண்டையும் அணைத்தே வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்தால் நான் அவர் வீட்டுக் கொல்லையிலேயே உட்கார்ந்துவிடுவேன். ஐந்து மணி நேரம் ஆனாலும் சரி. அவருக்குக் கைப்பக்குவம் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. கோடை வந்துவிட்டால் பர்கரையும் சாசேஜையும் பத்து நிமிடத்தில் வாட்டி எடுக்க அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மூடி திறக்கும் இரும்புப் பெட்டி அது. அதே பெட்டியில் பன்றி விலாவை, ரிப்ஸ் என்று அவர்கள் சொல்லும் நீண்ட பாளத்தை, தீயில் காட்டாமல் வேகவைத்து, புகை ஏற்றி, எலும்பை விட்டும் விடாமலும் இருக்கும் பதத்தில் எடுப்பது வேறு வித்தை. இறைச்சி கிடப்பது அணைந்த பக்கம். ஏற்றிய பர்னரின் அனல் மூடிக்குள் சுற்றி வந்து அதைத் தொடுகிறது.

கேஸில் ரிப்ஸா என்று முகம் சுளிப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் சமைக்க வேண்டிய நான்கு இறைச்சிகளில் பன்றி விலாவும் ஒன்று. விறகு, கரி, மரத்தூளை அழுத்திச் செய்த குளிகை, இந்த மூன்றுக்குத்தான் அங்கே அனுமதி; கேஸுக்கு இடமில்லை. அந்த ஊருக்கு அந்தப் பிடிவாதம் தகும். மெம்ஃபிஸ் பக்கம் பிறந்து அங்கே வந்து சேர்ந்த ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர், 1908 இல் துணித் தொழிற்கூடங்கள் நிறைந்த வட்டாரத்தில் ஒரு சிறு கடை போட்டார். ஓக், ஹிக்கரி விறகின் மேல் பக்குவப்படுத்திய இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து 25 சென்ட்டுக்கு விற்றார். 1940 இல் அவர் மறைந்த பிறகு, அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை எடுத்து நடத்தினார்; 1946 இல் அது சார்லியின் சகோதரர் ஆர்தர் பிரையன்ட் கைக்கு வந்தது. ஆர்தர் பெயரில் இன்றும் அங்கே கடை இருக்கிறது. இரவெல்லாம் கண் விழித்துத் தணலைக் கிளறியவர்கள் உண்டாக்கிய ருசி இது. அதற்கு முன்னால் கேஸ் கிரில் வயதில் சின்னது; வீட்டுக் கொல்லைகளுக்கு அது வந்ததே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

ஆனால் ரிப்ஸுக்குப் பேர்போன மெம்ஃபிஸிலேயே ஒரு கடையைப் பாருங்கள். 1948 இல் சார்லி வெர்கோஸ் தொடங்கிய ரான்டவூ, நகரின் நடுவே ஒரு சந்துக்குள் இருக்கும் நிலவறை உணவகம். விறகுப் புகையில் மணிக்கணக்காக வாட்டும் வழக்கம் அங்கே இல்லை. கரித்தணலுக்கு மேலே உயரத்தில் பாளத்தை வைத்துச் சுட்டு, வினிகர் கலந்த நீரைத் தடவி, மேலே மசாலாப் பொடியைத் தூவித் தருகிறார்கள். சாஸ் பூசுவதில்லை. அதைச் சாப்பிட உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆக, விறகுப் புகை மட்டுமே ரிப்ஸ் ஆகிவிடாது. அந்த இறைச்சிக்கு முதலில் வேண்டியது அடங்கிய, அசையாத சூடு. புகை அதற்கு அடுத்தது. முதலாவதைக் கேஸ் கிரில் குமிழைத் திருப்பினால் தந்துவிடுகிறது. இரண்டாவதைச் சமைப்பவர் தன் கையால் உண்டாக்க வேண்டும். இந்தக் கலையின் மரியாதை முழுக்க அந்த இரண்டாவதில் இருக்கிறது என்பது என் கட்சி.

இறைச்சியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடும். முதுகுத்தண்டை ஒட்டி, வளைந்து, மெலிதாக இருப்பது பேபி பேக். பாளம் சுமார் ஒரு கிலோ வரும், சீக்கிரம் வெந்துவிடும். அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம் போவது ஸ்பேர் ரிப்ஸ். அதன் குருத்தெலும்பையும் தொங்கும் சதையையும் நறுக்கி நீக்கி நீள்சதுரமாக்கினால் செயின்ட் லூயிஸ் வெட்டு. நான் கேட்பது எப்போதும் இதைத்தான். தட்டையாகப் படுக்கும், எல்லா எலும்பும் ஒரே பருமனில் வேகும், ஊடே ஓடும் கொழுப்பு சதையைக் காய விடாது. கேஸ் கிரில்லுக்குள் காற்று சும்மா இருப்பதில்லை, இறைச்சியை உலர்த்திக்கொண்டே இருக்கும். அந்தக் கொழுப்புதான் காவல். வாங்கும்போது எலும்பின் வெண்மை சதைக்கு மேலே பளிச்சென்று தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் கசாப்புக்காரர் கத்தியை ஆழமாக ஓட்டிவிட்டார், அந்த எலும்பின் மேல் கடிக்க ஒன்றும் இருக்காது. உப்பு நீர் ஏற்றிய இறைச்சியும் அங்கே கடைகளில் நிறைய உண்டு. உறையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்; அதை வாங்கினால் உப்பு நம் கையில் இல்லை.

பாளத்தின் எலும்புப் பக்கம் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை விட்டுவிட்டால் வெந்தபின் தோல் துண்டு போலப் பல்லில் இழுபடும், மசாலாவும் உள்ளே இறங்காது. தேர்ந்தவர் ஒரு ஸ்பூனின் காம்பை ஓர் எலும்பின் மேல் செருகி நெம்பி, கிளம்பிய நுனியைக் காகிதத் துண்டால் பற்றி, ஒரே இழுப்பில் கடைசி எலும்பு வரை உரித்துவிடுவார். வழுக்கும் சவ்வை வெறும் விரலால் பிடிக்க முடியாது, காகிதம் அதற்காக. கிழியாமல் முழுசாக அது வந்துவிடும் அழகு எனக்குச் சலிப்பதே இல்லை.

உப்பை முந்தின இரவே தடவி வைக்க வேண்டும். மற்றவை, அதாவது பழுப்புச் சர்க்கரை, பாப்ரிக்கா, மிளகு, பூண்டுப் பொடி, கொஞ்சம் கடுகுப் பொடி, அடுப்பில் ஏற்றும் முன் தூவினால் போதும். இந்தக் கலவையை ரகசியம் என்று சொல்லி இல்லாத மதிப்பைக் கொடுக்கிறார்கள். எல்லாருடைய பொடியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி தீ. தேவையான சூடு 225 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 107 டிகிரி செல்சியஸ். மூடியில் பதித்திருக்கும் முள் காட்டுவதை நம்பக்கூடாது. அது மேலே சேரும் அனலைச் சொல்கிறது. இறைச்சி கிடக்கும் கம்பித் தட்டில் தனி வெப்பமானி வைத்தால், இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியும். ஓரத்துப் பர்னர் ஒன்றைச் சிறு தீயில் ஏற்றி, அதன் மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, பாளத்தை எதிர்ப்பக்கம் எலும்பு கீழாகக் கிடத்தி, தடித்த முனையைத் தீயின் பக்கம் திருப்பி வைத்து, மூடிவிட வேண்டும். பிறகு குமிழில் மயிரிழை அளவுக்குத் திருத்தம். சொட்டும் கொழுப்பைப் பிடிக்கப் பாளத்துக்குக் கீழே ஒரு தட்டு. பழைய கிரில்களில் பர்னருக்கு மேல் எரிமலைக் கல் பரப்பியிருப்பார்கள். கொழுப்பு அதில் ஊறிக் குப்பென்று பற்றிக்கொள்ளும். 1985 இல் வெபர் நிறுவனம் ஜெனிசிஸ் என்ற மாடலில் கல்லை எடுத்துவிட்டுச் சாய்வான எஃகுப் பட்டைகளை வைத்தது. கொழுப்பு அதில் பட்டு ஆவியாகும், மிச்சம் வழிந்து கீழே போய்விடும். வாட்டுகிறவர்களுக்காகச் செய்த திருத்தம்தான். ஆனாலும் மணிக்கணக்கில் கிரில்லைத் தீப்பற்றாமல் வைத்திருக்க நினைப்பவருக்கும் அது உதவிற்று.

புகைக்கு வருகிறேன். கேஸ் சுடரில் மணம் கிடையாது. எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடுகிறது. விறகின் மணம் லிக்னினிலிருந்து வருவது. சூட்டில் அது சிதைந்து குவையகால், சிரிங்கால் என்ற சேர்மங்களைத் தருகிறது. ஆகவே ஒரு கைப்பிடி ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரச்சில்லை அலுமினியத் தாளில் மடித்து, இரண்டு மூன்று துளை போட்டு, எரியும் பர்னருக்கு நேர் மேலே வைக்கிறார்கள். சில்லை ஊறவைக்கச் சொல்லும் வழக்கம் எனக்குப் புரிந்ததே இல்லை. தண்ணீர் வற்றும் வரை வருவது ஆவிதான், புகை அதற்குப் பிறகே தொடங்கும். கேஸ் கிரில்லின் மூடிக்குப் பின்னால் அகலமான இடைவெளி விட்டிருப்பார்கள். எரிந்த வாயு வெளியேறவும் கசியும் கேஸ் உள்ளே தேங்காமல் இருக்கவும் அது அவசியம்; அடைக்கவே கூடாது. புகையும் அந்த வழியாக ஓடிவிடும் என்பதால், கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இறைச்சியில் படிய வேண்டும். குளிர்ந்த, ஈரமான பரப்பில் புகை நன்றாகப் படியும். எனவே புகை போடும் வேளை முதல் ஒரு மணி நேரம். தாள் பொட்டலம் ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று, அவ்வளவுதான். கொல்லையே மறையும்படி வெள்ளைப் புகை எழும்பினால் நாக்கில் கசப்பும் கரியும் மிஞ்சும். மெலிந்து, நீலம் பாரித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகிற புகை இனிக்கும். வெட்டும்போது விளிம்பில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. தீயில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சதையின் மயோகுளோபினோடு சேர்ந்து தரும் நிறம் அது. ருசி அதில் இல்லை. கேஸ் சுடரும் அந்த நிறத்தைக் கொஞ்சம் தரக்கூடியதே.

பிறகு காத்திருப்பு. விலாச் சதையை இறுக்கிப் பிடித்திருப்பது கொலாஜன். சதைக்குள் சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் அது நெகிழ்ந்து ஜெலட்டினாக மாறுகிறது. அவசரப்படுத்தினால் சதை வறண்டுவிடும், கொலாஜன் அப்படியே நிற்கும். ஆட்டுக்கால் பாயா குடித்தபின் உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பு நமக்குத் தெரியுமே, அதே பொருள்தான் நல்ல ரிப்ஸிலும் விரலில் ஒட்டுகிறது. மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் தாளில் பொதிந்து, ஒரு மணி நேரம் சாஸோடு என்று ஒரு வாய்ப்பாடு பரவலாக இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாளுக்குள் ஆவியில் அவிந்து, புகையில் இறுகிய மேல்தோல் கஞ்சியாகிவிடும். சதை வறண்டுபோகும் போலிருந்தால் அரை மணி பொதியலாம். அதற்கு மேல் வேண்டாம். செயின்ட் லூயிஸ் வெட்டு ஐந்து ஆறு மணி நேரம் கேட்கும், கொடுக்க வேண்டியதுதான்.

வெந்ததா என்பதைக் கடிகாரம் சொல்லாது. இடுக்கியால் பாளத்தை ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடித்துத் தூக்க வேண்டும். மறுமுனை வில்லாக வளைந்து, வளைவின் மேல் சதை லேசாக வெடித்தால் பதம். வளையாமல் நின்றால் இன்னும் நேரம் இருக்கிறது. முறிந்து விழுந்தால் நேரம் போய்விட்டது. எலும்பு முனைகளில் சதை ஒரு செண்டிமீட்டர் அளவு பின்வாங்கியிருப்பதும் நல்ல அறிகுறி.

இங்கேதான் பெரும்பாலான உணவகங்களோடு என் வழக்கு. எலும்பைத் தூக்கினால் சதை கழன்று விழும் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். போட்டி நடுவர்கள் அதை மிகையாக வெந்தது என்று மதிப்பெண் குறைத்துப் போடுவார்கள், அவர்கள் பக்கம்தான் நானும். கடித்த இடத்தில் மட்டும் சதை விடுபட்டு, பல் பதிந்த தடம் அரை வட்டமாக நிற்க வேண்டும். கடி விட்ட எலும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்து வெளுக்க வேண்டும். பல்லுக்கு வேலை இல்லாத இறைச்சியில் எலும்பு எதற்கு? பாத்திரத்தில் அவித்து உதிர்த்துவிடலாமே.

சாஸ் விஷயத்தில் ஊருக்கு ஊர் கட்சி. கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் மொலாசஸும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, மெம்ஃபிஸில் பலருக்கு உலர்ந்த பொடியே போதும். சாஸ் வேண்டும் என்றால் கடைசி அரை மணிக்குள் பூச வேண்டும். முன்னதாகவே பூசினால் சர்க்கரை கருகக்கூடும். இங்கே கேஸுக்கு ஒரு வசதி உண்டு. கரியடுப்பில் சூட்டை நினைத்தவுடன் ஏற்ற முடியாது. கேஸில் மெலிதாகச் சாஸ் பூசி, இதுவரை சும்மா இருந்த பர்னர்களை ஏற்றி, ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் காட்டினால் சாஸ் கொதித்துக் குமிழ்விட்டு அரக்கு நிறத்தில் இறுகும். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி இரண்டு நிமிடம், போதும். அந்தக் கணத்தில் கிரில்லை விட்டு நகரக்கூடாது.

வெட்டும்போது எலும்புப் பக்கம் மேலாகத் திருப்பிப் போட்டால் கத்தி ஓட வேண்டிய இடம் தெரியும். பக்கத்தில் வெள்ளை ரொட்டியும் வெள்ளரி ஊறுகாய் வட்டங்களும் இருந்தால் எனக்குச் சரி. ரொட்டி சாஸை வழிக்கும், ஊறுகாயின் புளிப்பு கொழுப்பை அறுக்கும். உருளைக்கிழங்கு சாலட்டை நான் தட்டில் ஏற்றுவதில்லை. அது அடைக்கும் இடத்தில் இன்னும் இரண்டு எலும்பு சாப்பிடலாம்.