அளவறியா மேலங்கி

பச்சைத் தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் அப்படியே கப்பலேற்றுவதை 1973இல் மத்திய அரசு கட்டுப்படுத்திற்று. முடிவுற்ற பொருளாக்கி அனுப்பவேண்டிய நிலை வந்ததும் நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. தைக்கும் கைகள் வேண்டப்பட்டன. நம் வீட்டுப் பெண்களும் ஆலை வாசல் கண்டனர். அவர்களுட் பலர் சேலையின்மீதும் சுடிதாரின்மீதும் அணிந்து நிற்கும் ஓவர்கோட்டைக் குறித்தே ஈண்டுச் சில சொல்ல விழைகிறோம். நூலைத் திறனாயலாம், துணியையுமா என வினவுவோர் இருப்பர். நாளெல்லாம் ஒருத்தியின் உடம்பின்மேல் கிடப்பது ஆராயத்தக்கதே என்பது நமது துணிபு.

அவ்வுடையின் நோக்கத்தில் குறையில்லை. முந்தானையும் துப்பட்டாவும் இயந்திரத்தில் சிக்காமல் காக்கிறது, உடலை மறைக்கிறது, முக்காட்டோடும் முரண்படுவதில்லை. குறை வெட்டில் இருக்கிறது. ஆடவர் பணிக்கோட்டின் நீளத்தையும் தோளையும் சற்றே குறைத்துவிட்டால் அது பெண்ணுடையாகிவிடும் என்று வெட்டியவர் எண்ணிவிட்டார். மார்புக்குப் பொருந்துவதை எடுத்தால் தோள் சரிந்து, கை மணிக்கட்டைக் கடந்து தொங்குகிறது. தோளுக்குப் பொருந்துவதை எடுத்தால் மார்பு இறுகுகிறது. கொசுவத்தின் பருமனோ கணக்கிலேயே வரவில்லை. தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தவுடன் கீழ்ப் பொத்தான்கள் இழுபடுகின்றன.

இத்தனையும் நடப்பது எந்த ஊரில்? ‘லாஸ்ட்’ எனும் கால் அச்சின்மேல் தோலை இழுத்துச் செருப்பும் பூட்சும் செய்யும் ஊரில்! பெண்ணின் பாதத்தில் முன்பகுதியை நோக்கக் குதிகால் ஒடுங்கியது. ஆகவே ஆண் அச்சைச் சிறிதாக்கினால் அது பெண் அச்சு ஆகாது என்பது இங்குத் தொழில் பழகுவோர்க்கெல்லாம் தெரிந்த பாடம். கடல் கடந்து வாழும் முகமறியாப் பெண்ணின் காலுக்குத் தனி அச்சு வைத்திருக்கிறோம். அவளுக்குத் தைத்தனுப்பும் பெண்ணின் தோளுக்கு ஆணின் அளவைக் கொடுக்கிறோம்.

ஆடவர் தையற்கலையைக் கடன் வாங்கியதே பிழை என்று நாம் கூறவில்லை. 1966இல் பாரிசில் ஈவ் சாங் லோராங், ஆடவரின் மாலை விருந்துக் கோட்டைப் பெண்ணுக்கு ஆக்கினார். கடன் வாங்கினாரேயன்றிச் சுருக்கிக் கொடுக்கவில்லை. பெண்ணுடலுக்கென மறுபடி வெட்டினார். விருந்துக்குப் போகிறவளைவிட வேலைக்குப் போகிறவளுக்கு உதவக்கூடிய முன்மாதிரி வேறொன்று உண்டு. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காரருக்கெனத் தைக்கப்பட்ட நார்ஃபோக் கோட்டின் முதுகில் மடிப்புகள் வைத்திருந்தனர். துப்பாக்கியை ஏந்திக் கை முன்னே நீள்கையில் அம்மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். நாள் முழுதும் இயந்திரத்தை நோக்கிக் கை நீட்டி அமர்ந்திருப்பவளுக்கு அன்றோ அந்த மடிப்பு வேண்டும்! அக்குளை மேலேற்றி வெட்டினால் கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் உடன் தூக்காது என்பதும் ஆடவர் தையலின் பழைய நுட்பமே. மாப்பிள்ளைக்கு ஷெர்வானி தைக்கும் நம் ஊர்த் தையற்காரர்களுக்கு இவை புதியனவல்ல. அவர்களை ஒருமுறை ஆலைக்குள் அழைத்துக் கேட்கலாம்.

சட்டமும் நீண்ட காலம் இவ்வாறே நினைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 22ஆம் பிரிவில், ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கும் பணியைத் தனிப் பயிற்சி பெற்ற ஆடவனுக்கே வைத்து, உடம்போடு ஒட்டிய உடையை அவனுக்கு நிர்வாகமே வழங்கவேண்டும் என்று விதித்தது. இயக்கும் பொறி ஓடுகையில் அதைத் துடைக்கவும் எண்ணெயிடவும் பெண்ணை விலக்கிற்று. ஆணுக்கு உடை, பெண்ணுக்கு விலக்கு.

வேலூர் மருத்துவமனைகளில் சேலையின்மேல் வெள்ளைக் கோட்டு அணியும் பெண் மருத்துவர்க்கேனும் ஆழமான பைகள் இருக்கின்றன. ஆலைக் கோட்டில் பலவற்றுக்குப் பையே இல்லை. இருப்பதும் நூல்வெட்டி ஒன்றுக்குப் போதாது. பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையை இந்தப் பொத்தான் வரிசைக்குள் கைவிட்டு எடுக்கவும் இயலாது.