ஏறெடுத்தும் பாராத வீரன்

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சித்திரமொன்றை, சுவரில் மாட்டிய வர்ண ஓவியத்தைப் போல் பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு, அது கறுப்பும் வெளுப்புமான ஒரு குழப்பமாகவே தோன்றும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துச் சித்திரக்காரர் ஆல்பிரெக்ட் டியூரர் 1513-ஆம் ஆண்டில் செதுக்கிய ‘வீரனும் மரணமும் சாத்தானும்’ என்ற படம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரமும் 19 சென்டிமீட்டர் அகலமுமே உடையது. ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு, கூடுமானால் ஒரு பூதக்கண்ணாடியின் துணையோடு, சாவதானமாகப் பார்க்க வேண்டிய பொருள் அது.

நடுவில் கவசம் மின்னக் குதிரையேறி வரும் வீரனிடமே கண் தானாக ஓடும். அதைச் சற்று அடக்கி, முதலில் அவனுடைய பகைவரைப் பாருங்கள் என்பேன். கிரீடத்திலும் கழுத்திலும் பாம்புகள் நெளிய, நோஞ்சான் குதிரையொன்றின்மேல் அமர்ந்து, அழுகிய முகத்தை வீரன் பக்கம் திருப்பி, மணற்கடிகாரத்தை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுகிறது மரணம். அதன் குதிரையோ தலையைத் தொங்கவிட்டு, அடிமரத்தின்மேல் கிடக்கும் மண்டையோட்டை நோக்கிக் குனிந்திருக்கிறது. பின்னால், பன்றி மூஞ்சியும் கொம்புமாகச் சாத்தான். இவனைப் பார்த்து எனக்குப் பயம் வருவதில்லை. பல மிருகங்களிடம் கடன் வாங்கி ஒட்டவைத்த உருவமாதலால் சிறிது சிரிப்புக்கூட வருகிறது. மரணத்தின் முகத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது.

இப்போது வீரனிடம் வரலாம். ஈட்டி தோளில் சாய்ந்திருக்கிறது, வாள் உறையில் தூங்குகிறது, முகமூடியோ மேலே தூக்கப்பட்டிருக்கிறது. இத்தனை நெருக்கத்தில் இருவர் வழிமறிக்க, ஒருவன் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆயுதம் எடுக்காமல், அவர்களை ஏறெடுத்தும் பாராமல் போகிறான் என்பதே இப்படத்தின் தைரியம். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், நம் சபைகளில் ‘சர்வாயுதவர்க்கம்’ என்று பிரசங்கிகள் முழங்கும் அந்தக் கவசங்களை அடுக்கும் பவுல், உறுதியாக நிற்பதைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறார். டியூரரோ நிற்பவனைக் காட்டாமல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிதானமாக நடக்கும் குதிரையின்மேல் போகிறவனைக் காட்டுகிறார். டச்சு மதவறிஞர் எராஸ்மஸ் எழுதி 1503-இல் வெளிவந்த ‘கிறிஸ்தவப் போர்வீரனின் கைந்நூல்’ இதற்குத் தூண்டுகோலாயிருக்கலாம் என்பது அறிஞர் பலருடைய ஊகம். வழியில் தோன்றும் பயங்கரங்களை ஒன்றுமில்லையென எண்ணி நடக்கவேண்டும் என்ற புத்திமதி அந்நூலில் உண்டு. (கைந்நூலைக் குறிக்க அவர் எடுத்த கிரேக்கச் சொல்லுக்குக் குத்துவாள் என்றும் பொருள், எராஸ்மஸின் குறும்பு அது.)

பூதக்கண்ணாடிக்கு வேலை இனித்தான். டியூரரின் தந்தை பொற்கொல்லர். உலோகத்தில் கோடு கீறும் கை மகனுக்கு அந்தப் பட்டறையிலேயே வந்தது. செப்பில் உளி கீறிய பள்ளத்தில்தான் மை தங்கும். கீறாத இடம் காகிதத்தில் வெளுப்பாக நிற்கும். ஆகையால், இத்தாலிய நூலாசிரியர் வசாரி வியந்து புகழ்ந்த அந்தக் கவசத்தின் பளபளப்பு, உண்மையில் டியூரர் தொடாமல் விட்ட செம்பேயாகும். குதிரையின் வயிற்றைச் சுற்றி வளையும் கோடுகளையும், பள்ளத்தாக்கின் இருளில் ஒன்றன்மேலொன்று குறுக்கே பாயும் கோடுகளையும் மாறி மாறிப் பாருங்கள். வர்ணமே இல்லாத இடத்தில் எத்தனை விதக் கறுப்பு! அந்தக் குதிரையையும் கவசத்தையும், 1498-இல் தாம் வரைந்து வைத்திருந்த பழைய சித்திரமொன்றிலிருந்தே அவர் எடுத்துக்கொண்டார்.

ஈட்டியில் நரிவால் தொங்குவதைக் காட்டி, இவன் பக்தனல்லன், வழிப்பறிக்காரன் என்று வாதித்தவர்களும் உண்டு. டியூரரும் தம் நாட்குறிப்பில் இப்படத்தைக் ‘குதிரைவீரன்’ என்று மட்டுமே குறிக்கிறார். ஆயினும், மலையுச்சியில் வெயில் படிந்து நிற்கும் கோட்டையைப் பார்க்கும்போது அந்த வாதம் எனக்கு ருசிப்பதில்லை. மேலும், 1521-இல் சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர் பிடிபட்டார் என்ற வதந்தி ஆண்ட்வெர்ப் நகரில் காதில் விழுந்தபோது, அதே நாட்குறிப்பில் அவர் எராஸ்மஸை விளித்து, கிறிஸ்துவின் வீரனாகக் குதிரையேறிப் புறப்படும்படி மன்றாடி எழுதினார். எராஸ்மஸ் புறப்படவில்லை.

கடைசியாகக் குதிரையின் காலடியைப் பாருங்கள். அங்கே ஒரு பல்லி எதிர்த்திசையில் ஓடுகிறது. நீண்ட காது பின்னே தொங்க, மரணத்தையும் சாத்தானையும் சட்டை செய்யாமல், எஜமானன் போகும் வழியிலேயே ஓடுகிறது ஒரு நாய்.