தந்தி வந்தது, இரத்தம் நின்றது

ராபர்ட் மாஸி எழுதிய 'நிக்கலஸ் அண்ட் அலெக்சாண்ட்ரா' என்னும் ஆங்கில நூல் 1967-இல் வெளிவந்தது. ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் குடும்பத்தின் வரலாறு இது. மன்னரின் ஒரே மகன் அலெக்சிக்கு, இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா என்ற பரம்பரை நோய் இருந்தது. மாஸியின் மகனுக்கும் அதே நோய்தான். நூலின் பலம் அங்கேதான் இருக்கிறது.

சிறு கீறல் பட்டாலே இந்நோயாளி இரத்தம் வடிந்து இறந்துவிடுவான் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரியன்று. மேல்தோலில் படும் சிறு கீறலை அழுத்திக் கட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அஞ்ச வேண்டியது உட்கசிவுதான். மூட்டுகளுக்குள் தேங்கும் இரத்தம் வீங்கி வலிக்கும். நாளடைவில் குருத்தெலும்பை அரித்துக் காலை முடக்கும். பாடநூல்கள் ஒரே வரியில் தாண்டிப்போகும் இந்த வேதனையை மாஸி பொறுமையாக விளக்குகிறார்.

ஆனால் 1912-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வரும்போது அவருடைய பிடி தளர்கிறது. போலந்தில் ஸ்பாலா என்ற இடத்தில் எட்டு வயது அலெக்சிக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் கசிவு ஏற்பட்டது. பல நாள் காய்ச்சல். இறுதிச் சடங்குப் பிரார்த்தனையும் ஆயிற்று. அந்நிலையில் தொலைவிலிருந்த ரஸ்புடீனிடமிருந்து, சிறுவன் பிழைப்பான் என்று ஒரு தந்தி வந்தது. மறுநாள் கசிவு நின்றது. கசிவு தானாகவே நின்றிருக்கலாம் என்று மாஸி சொல்லாமலில்லை. எனினும் தாயின் மன அமைதி மகனுக்குத் தொற்றியிருக்குமோ என்பதில்தான் அவர் அதிகம் ஈடுபடுகிறார். தந்தி வேலை செய்ததா என்று கேட்குமுன், எப்படி வேலை செய்தது என்ற ஆராய்ச்சி!

சைக்கிள் டியூபில் காற்றடித்திருப்பீர்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, மேலும் காற்றைச் செலுத்துவது கடினமாகும். தசைகளுக்கிடையில் கசியும் இரத்தமும் அப்படியே. தேங்கிய இரத்தத்தின் அழுத்தம் குழாயின் அழுத்தத்தை நெருங்க, ஒழுக்கு குறைந்து நிற்கும். இதற்குச் சில நாள் பிடிக்கும். நிலைமை மிக மோசமான பிறகே அரசி உதவி கேட்டாள். நிற்கும் நேரமும் நெருங்கியிருந்தது. வீக்கம் வடியும் நாளில் கட்டிய தாயத்துக்கும் இப்படித்தான் பெயர் கிடைக்கிறது. பெற்றோர் அதை நம்பிக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் மூட்டு கெடுகிறது. இன்றோ, குறைபடும் உறைகாரணியை ஊசிவழியே செலுத்திக் கசிவை விரைவில் நிறுத்தலாம்.

இந்நோய் இல்லையேல் ரஸ்புடீன் இல்லை, அவனில்லையேல் புரட்சியும் இல்லை என்னும் போக்கும் நூலில் உண்டு. 1905-இன் கிளர்ச்சியும், 1914-இல் மூண்ட போரும், 1917-இல் பெத்ரோகிராதின் ரொட்டிப் பஞ்சமும் அவ்வளவு இலேசானவையா?

நோயின் வகை தெரியாததற்கு மாஸியைக் குறைகூற முடியாது. 2009-இல்தான் அரச குடும்பத்தின் எலும்புகளை ஆராய்ந்து, அது ஒன்பதாம் உறைகாரணி குறைபடும் அரிய 'பி' வகை என்று கண்டார்கள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

நூல் கிடைத்தால் ஸ்பாலா அத்தியாயத்தையாவது படியுங்கள். தந்தி வருமுன் எத்தனை நாள் கழிந்திருந்தன என்று எண்ணிக்கொண்டே படியுங்கள்.