வெரைட்டி ஹால்: முதன்மை வாதமும் விடுபட்ட வரலாறும்

அன்று சிறிய ஊராக இருந்த கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் எழுப்பிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவின் முதல் நிலையான திரையரங்கு என்று பலராலும் குறிக்கப்பெறுகிறது. இக்கூற்று மறு ஆய்வுக்குரியது. சென்னையில் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் 1913ஆம் ஆண்டினது. 'இந்தியர் கட்டியது' என்னும் அடையைச் சேர்ப்பினும் ஐயம் தீராது. ஏறத்தாழ அதே காலத்தில் ரகுபதி வெங்கய்யா சென்னையில் கெயிட்டி அரங்கை நிறுவினார்.

இவ்வரங்கின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. திருச்சி இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துப் படம் காட்டியவர். கூடாரம் மக்களை நாடிச் சென்றது. கட்டடமோ மக்களைத் தன்பால் வரச் செய்தது. ஓரிடத்தில் வழக்கமாகக் கூடும் பார்வையாளர் என்னும் புதிய கூட்டம் இவ்வாறே உருவாயிற்று. படங்களையும் நடிகர்களையும் நிரல்படுத்தும் வரலாறுகள் இம்மாற்றத்தைப் போதிய அளவு விளக்குவதில்லை.

எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அஞ்சல் துறையின் பயன்பாட்டால் நிலைத்தது. பின்னாளில் 'டிலைட்' எனப் பெயர் மாறிய வெரைட்டி ஹாலோ இடிக்கப்பட்டது. சாலையின் பெயரில் மட்டும் அதன் நினைவு எஞ்சியுள்ளது. முதன்மைப் பட்டம் அதனைக் காக்கவில்லை. ஆகவே, ஆண்டுக் கணக்கைக் கடந்து, திரையரங்கைச் சமூக நிறுவனமாகக் காணும் ஆய்வே இன்றைய தேவையாகும்.