விரைவும் இசையும்

2019-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில், 13 வயதுச் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் பியானோவில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டின் பறத்தல்’ வாசித்தார். வேகம் நிமிடத்திற்கு 208 துடிப்பிலிருந்து 325-க்கு உயர்ந்தது. 10 இலட்சம் டாலர் பரிசும் பெற்றார். அவ்வேகம் அருமுயற்சியின் கனி, ஐயமில்லை.

ஆயினும், நாம் கேட்டது இசையையா, எண்ணையா? சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே பியானோவின் ஒலி தேயத் தொடங்குகிறது; வயலினைப்போல் அதனை நீட்ட இயலாது. தேயும் ஒலியை அடுத்த ஒலியோடு இணைத்துப் பாடவைப்பதே இக்கருவியின் அருங்கலை. மெதுநடையில்தான் அது முழுதும் புலப்படும்.

நம் முத்துக்குளித்துறையில் குளியாளியின் திறம், அடியில் மூச்சடக்கித் தங்குவதில் இருந்தது. தனிக் கச்சேரிக்கும் அத்தகைய மூச்சு வேண்டும். மெதுநடைக்கும் நாம் செவிசாய்த்தால், அத்திறமும் நம் பிள்ளைகளிடம் வளரும்.