எண்ணிப் பார்த்த இருவர்

கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்று பொருளாதார ஏடுகள் நெடுநாள் ஓதி வந்தன. எண்ணிப் பார்த்து ஓதியோர் எத்தனை பேர்? 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. அண்டையிலுள்ள பென்சில்வேனியாவில் உயர்வில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் எனும் அறிஞர் இருவர், இரு மாநிலங்களிலுமாக 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தனர். வேலை குறையவில்லை! 1994இல் ஆய்வு வெளிவந்ததும் சீறினர் சிலர். தொலைபேசியில் கேட்ட கணக்கு செல்லாது என்றனர். அரசுப் பதிவேடுகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு 2000இல் விடையிறுத்தனர் இருவரும். வேலை குறைந்ததற்குச் சான்றில்லை. சாத்திரத்திடமும் சான்று கேட்கும் நமக்கு இம்முறை இனிக்கிறது. ஆயினும், வினவப்பட்டோர் உணவக மேலாளர்களே. அடுப்படியில் நின்ற உழைப்பாளி அல்லர். அந்த 80 சென்ட் அவர் வீட்டு உலையில் என்னவாயிற்று? ஆய்வில் தேடினோம், காணோம்.